அக்கரைச் சீமையில் ஒரு திருமங்கலத்துப் பெண்

நம் பக்கத்துப் பாட்டிமாருக்கு உலகத்தில் மூன்றே ஊர்கள்தாம். ஒன்று பிறந்த ஊர். இரண்டாவது வாழ்க்கைப்பட்ட ஊர். மூன்றாவது "அக்கரைச் சீமை". கடலுக்கு அப்பால் இருப்பது ரங்கூனோ, பினாங்கோ, சிங்கப்பூரோ, எல்லாம் அவர்களுக்கு ஒரே சீமைதான். அங்கே போனவன் ஒரு பெட்டி நிறையத் தைல புட்டிகளுடன் திரும்பி வருவான். சில பேர் திரும்பி வரவே மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் போவதே பெரும்பாடு. 1926-ல் கட்டப்பட்ட "ரஜூலா" என்ற கப்பல், 1970-களின் தொடக்கம் வரையில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்து கொண்டிருந்தது. ஏறத்தாழ ஒரு வாரப் பிரயாணம். இப்போதோ சென்னையில் விமானம் ஏறினால் நாலரை மணி நேரத்துக்குள் சிங்கப்பூர். திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் சென்னைக்கு வந்து சேர இதைப் போல் இரண்டு மடங்கு நேரம் ஆகிறது!

என் சிநேகிதி ஒருத்தி பதினோரு வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறாள். மதுரையில் ஒரே கல்லூரியில் படித்தோம். பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது என்பது அவள் கட்டளை. ஆகவே அவள் இங்கே வெறும் சிநேகிதிதான். ஒரு வாரம் லீவு கிடைத்ததும் அவளைப் பார்க்கப் புறப்பட்டேன்.

புறப்படுமுன் திருமங்கலத்தில் அவளுடைய தாயாரிடம் சொல்லிக் கொள்ளப் போனேன். மோர் மிளகாய், சுண்டை வற்றல், வீட்டில் அரைத்த மஞ்சள் தூள் என்று ஒரு மூட்டை தயாராக இருந்தது. மூட்டையோடு ஒரு கேள்வியும் வந்தது.

"ஏந்தாயி, அவ அங்கனயே இருந்துருவாளா? அந்தூருப் பிரஜையா ஆகப் போறோம்னு போன்ல என்னமோ சொல்றா. நீ நேர்ல போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

மஞ்சள் தூளை விட அந்தக் கேள்விதான் கனமாக இருந்தது.

காசில் கண்ட தமிழ்

முதல் நாள் காலையில் சிநேகிதி என் உள்ளங்கையில் ஒரு வெள்ளி நாணயத்தை வைத்தாள். அங்கே டாலரைத் தமிழர்கள் "வெள்ளி" என்றுதான் சொல்கிறார்கள். திருப்பிப் பார்த்தேன். "சிங்கப்பூர்" என்று தமிழ் எழுத்தில் பொறித்திருந்தது!

குடியிருப்போரில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இந்தியர் இல்லாத ஊர் அது. ஆனால் மலாய், சீனம், ஆங்கிலம் இவற்றோடு தமிழும் அங்கே ஆட்சிமொழி. ரயில் நிலையங்களில் ஊர்ப் பெயர் தமிழிலும் எழுதியிருக்கிறது. அவள் பையன் பள்ளிக்கூடத்தில் தமிழைப் பாடமாகப் படிக்கிறான். அதில் பரீட்சையும் உண்டு. முதல் நாள் என்னை "ஆன்ட்டி" என்று அழைத்தவன், மூன்றாம் நாள் மோர் மிளகாயின் மகிமையால் "சித்தி" என்று ஆரம்பித்துவிட்டான்.

அவர்கள் வசிப்பது "வீவக" வீடு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்பதன் சுருக்கம் அது. 1960-ல் தொடங்கிய அந்தக் கழகம் கட்டிய அடுக்கு மாடி வீடுகளில்தான் அந்த நாட்டு மக்களில் ஐந்துக்கு நான்கு பேர் குடியிருக்கிறார்கள். ஒரே இனத்தார் ஒரே கட்டடத்தில் குவிந்துவிடக் கூடாது என்று 1989 முதல் ஒவ்வோர் இனத்துக்கும் அளவு வகுத்திருக்கிறார்கள். எதிர் வீட்டில் சீனப் பாட்டி. பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம். தீபாவளி முறுக்கு அங்கே போகும். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் இங்கே வரும்.

தேக்காவில் மல்லிகை

"மியூசியமும் உயரமான கட்டடமும் அப்புறம் பார்க்கலாம். முதலில் நான் காய்கறி வாங்குகிற இடத்தைப் பாருடி" என்று தேக்கா மார்க்கெட்டுக்கு அழைத்துச் சென்றாள். அதை அடுத்துச் சிராங்கூன் சாலை. ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்களும் செங்கல் சூளைகளும் நிறைந்திருந்த பகுதி அது. அதன் ஞாபகமாக ஒரு தெருவுக்கு இன்றும் எருமைச் சாலை என்றே ஆங்கிலத்தில் பெயர்.

அங்கே ஒரு பூக்கடையில் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லிகை விமானம் ஏறி வந்து அங்கே சரமாகத் தொங்குகிறது. திருமங்கலத்துப் பக்கத்துத் தோட்டத்தில் விடிவதற்குள் பறித்த மொட்டு, கடல் கடந்து வந்து மலர்கிறது!

"ஊரில் இருந்தபோது பூவை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. இங்கே ஒரு முழம் வாங்கினால் வாடிய பிறகும் தூக்கிப் போட மனசு வரவில்லை" என்றாள் சிநேகிதி.

ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் பகுதியில் நம் ஊர் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை செய்கிறவர்கள். வாரத்தில் அன்று ஒருநாள்தான் அவர்களுக்கு ஓய்வு. பணம் அனுப்பும் கடைகளில் நீண்ட வரிசை. புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் பேச்சுக்கள் காதில் விழுந்தன. அந்த நாட்டுப் பிரஜையாகலாமா, வேண்டாமா என்று யோசிக்கும் சௌகரியம் இவர்களுக்கு இல்லை. வேலைக்கான அனுமதி முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான். ஒரே தமிழ், ஒரே தெரு. ஆனால் வாழ்க்கை இரண்டு விதம்.

கோவிலும் ரப்பரும்

மறுநாள் மாரியம்மன் கோவில். 1819-ல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளை 1827-ல் தோற்றுவித்தது. முதலில் மரத்தாலும் கூரையாலும் ஆன சிறு கோவில்தான். இன்று கோபுரத்தோடு நிற்கிறது. அதே சாலையில், சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசல். சுற்றிலும் சீனர்களின் கடைவீதி. அம்மனுக்கு இதெல்லாம் பழகிப் போயிருக்க வேண்டும். முகத்தில் எந்த ஆச்சரியமும் தெரியவில்லை!

பிறகு தாவரவியல் பூங்கா. யுனெஸ்கோ 2015-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட தோட்டம். அங்கே ரப்பர் மரத்தின் கதையைக் கேட்டு அசந்து போனேன். பிரேசில் நாட்டு விதையிலிருந்து லண்டனில் முளைத்த 22 கன்றுகள் 1877-ல் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-ல் தோட்டத்தின் தலைவராக வந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர், மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ரப்பர் பயிரிடுங்கள் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னதால் அவருக்குப் "பைத்தியக்கார ரிட்லி" என்றே பெயர் விழுந்தது. அந்தப் பைத்தியம் மலாயா முழுவதும் பரவியபோது, காட்டை வெட்டித் தோட்டம் போடக் கப்பல் கப்பலாகப் போனவர்கள் நம் ஜனங்கள்தாம்.

அந்தத் தோட்டத்துப் பெண்களில் பலர் 1943-ல் துப்பாக்கி தூக்கினார்கள். நேதாஜி சிங்கப்பூரில் அமைத்த ஜான்ஸி ராணிப் படைக்குத் தலைமை வகித்தவர், அங்கே வைத்தியம் செய்துகொண்டிருந்த சென்னை டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். இந்தியாவையே பார்த்திராத பெண்கள், இந்தியாவுக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக நின்றார்கள். கடற்கரையை ஒட்டிய எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய ராணுவ நினைவிடத்தின் அடையாளம் இருக்கிறது. சொந்த ஊர் என்பது கால் மிதித்த மண்தானா என்ற எண்ணம் அங்கேதான் எனக்கு வந்தது.

கேள்விக்குப் பதில்

அந்தப் பூங்காவில் உட்கார்ந்துதான் அம்மாவின் கேள்வியைக் கேட்டேன். சிநேகிதி உடனே பதில் சொல்லவில்லை.

விஷயம் லேசானதல்ல. இந்தியாவும் சரி, சிங்கப்பூரும் சரி, இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. ஒன்றைப் பெற்றால் மற்றதை விடவேண்டும். இந்தியக் குடியுரிமையை விட்டவர்கள், 2005-ல் ஆரம்பித்த வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டையைப் பெற்று விசா இல்லாமல் வந்து போகலாம். ஆனால் ஓட்டு இல்லை. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பெற்றோர் வழியில் நிரந்தரவாசி ஆன பையனுக்கோ, பதினெட்டு வயதானதும் இரண்டு வருஷம் தேசிய சேவை காத்திருக்கிறது. அவனுக்கு இப்போது பன்னிரண்டு.

"அங்கே நான் இன்னார் மகள், இன்னார் மருமகள். இங்கே என் பெயருக்குச் சம்பளம் வருகிறது. ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து தனியாக ரயிலேறி வருகிறேன். துணைக்கு யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதை விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. ஆனால் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்று நினைத்தால், அம்மா கரிசல் காட்டில் பருத்தி எடுக்கிறது கண்ணில் வந்து நிற்கிறது" என்றாள்.

"அப்போது அம்மாவிடம் நான் என்ன சொல்லட்டும்?"

"நீ ஒன்றும் சொல்லாதே. சித்திரைத் திருவிழாவுக்குப் பையனோடு வருகிறேன். இருப்பதா, வருவதா, எதுவானாலும் அம்மா முகத்தைப் பார்த்து நான்தான் சொல்லவேண்டும். அதுவரைக்கும் ஒரு பாரத்திலும் கையெழுத்துப் போடமாட்டேன்."

திருமங்கலம் திரும்பியதும் அதை அப்படியே சொன்னேன். "வரட்டும்" என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான். மறுநாளே மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்துவிட்டதாகக் கேள்வி.

வெளிநாட்டில் இருக்கும் சிநேகிதியைப் பார்க்கப் போகும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. பிரயாணப் புத்தகத்தில் உள்ள இடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவள் காய் வாங்கும் கடை, ரயில் ஏறும் நிலையம், பையனின் பள்ளிக்கூட வாசல், சனிக்கிழமை காலையில் ரொட்டி பிராட்டா தின்னும் கடை, இவற்றைக் காட்டச் சொல்லுங்கள். நம் மதுரைப் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பியான அந்தப் பிராட்டாவைச் சர்க்கரை தொட்டும் சாப்பிடுகிறார்கள், முகம் சுளிக்காதீர்கள். போகும்போது மறக்காமல் மோர் மிளகாய் எடுத்துச் செல்லுங்கள். அங்கே எல்லாம் கிடைக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் அம்மா கையால் மோரில் ஊறிய மிளகாய் எந்தக் கடையிலும் கிடைக்காது.