திரும்பி வரும் தூரம்: இதய நோயாளர்களுக்குத் தாமிரபரணிக் கரையின் மிதிவண்டிப் பாதைகள்

இதயநோய்ப் புறநோயாளர் பிரிவில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, "டாக்டர், இனிமேல் நான் சைக்கிள் ஓட்டலாமா?" என்பது. மாரடைப்புக்குப் பின்னரோ, ஸ்டென்ட் வைத்த பின்னரோ, பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பின்னரோ இக்கேள்வியைக் கேட்பவர், பெரும்பாலும் பல்லாண்டுகளாக மிதிவண்டியிலேயே வயலுக்கும் கடைக்கும் போய் வந்தவராக இருப்பார். அருகில் நிற்கும் மனைவியோ மகனோ, நாங்கள் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவோம் என்ற எதிர்பார்ப்புடன் எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

எங்கள் விடை பெரும்பாலும் "ஓட்டலாம்" என்பதே. ஆனால் எப்போது தொடங்குவது, எவ்வளவு தூரம் செல்வது, எந்தத் திசையில் புறப்படுவது என்ற மூன்றையும் சேர்த்தே சொல்கிறோம். முதல் இரண்டையும் எல்லோரும் கவனமாகக் கேட்டுக்கொள்கின்றனர். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் சிலர் சிரித்துவிடுகின்றனர். இதயத்துக்கும் திசைக்கும் உள்ள தொடர்பை விளக்கவே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதக் காலையில், ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் நிறைந்த ஒருவர் திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் நோக்கி மிதிவண்டியில் புறப்பட்டார். வழி முழுவதும் களைப்பே இல்லை. திரும்பும்போது சில கிலோமீட்டருக்குள் நெஞ்சில் இறுக்கம் தோன்றியது. நல்லவேளையாக, அவர் உடனே இறங்கிச் சாலையோர மரத்தடியில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்த மாத்திரையை நாவின் அடியில் வைத்துக்கொண்டு 108-ஐ அழைத்தார். பரிசோதித்தபோது ஸ்டென்ட் அடைபடவில்லை. மருந்தால் கட்டுப்பட்டிருந்த வேறொரு சிறு கிளையின் சுருக்கம், அளவு மீறிய உழைப்பில் தன்னைக் காட்டிக்கொண்டது. "போகும்போது ஒன்றுமே தெரியவில்லை, டாக்டர்" என்றார் அவர். அது உண்மை. போகும்போது அவரைத் தள்ளிச் சென்றது மேற்கிலிருந்து வீசிய காற்று. திரும்பும்போது அதே காற்றை அவர் எதிர்க்க வேண்டியிருந்தது.

காற்று இதயத்திடம் கேட்கும் கூலி

திருநெல்வேலி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து திருச்செந்தூர்க் கடற்கரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதாவது, சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லை. ஆகவே இப்பள்ளத்தாக்கில் மிதிவண்டி ஓட்டுபவருக்கு மேடு ஒரு பொருட்டன்று. காற்றே பொருட்டு.

காற்றின் எதிர்ப்பு, நம் மீது மோதும் காற்றுவேகத்தின் இருமடிப் பெருக்கமாக உயர்கிறது. காற்றில்லாத நேரத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர்மீது காற்று 15 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். எதிரே 20 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், மோதும் வேகம் 35 ஆகிறது. அப்போது காற்றின் எதிர்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. அதே சாலை, அதே மிதிவண்டி, அதே வேகம்; ஆனால் கால்களுக்குச் செல்ல வேண்டிய இரத்தமும் பிராணவாயுவும் பன்மடங்கு. அவற்றை அனுப்ப இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்க வேண்டும். அதற்குத் தன் தசைக்கும் கூடுதல் இரத்தம் வேண்டும். இரத்தக்குழாய் சுருங்கியுள்ள இடத்தில் அந்தக் கூடுதல் இரத்தம் கிடைக்காதபோதுதான் நெஞ்சு இறுகுகிறது.

வெயிலும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. உடலைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வியர்வையால் உடலின் நீரும் குறைகிறது. காலை ஆறு மணிக்கு எளிதாக இருந்த பாதை பத்து மணிக்கு அப்படி இருப்பதில்லை. திரும்பும் பயணம் எப்போதும் வெயில் ஏறிய நேரத்தில்தான் வருகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

புறப்படும் திசை

எனவே நாங்கள் சொல்லும் விதி ஒன்றே: முதல் பாதியைக் காற்றை எதிர்த்து ஓட்டுங்கள், திரும்பும்போது காற்று உங்கள் முதுகில் இருக்கட்டும். இயலவில்லை என்பது வீட்டுக்கு அருகிலேயே தெரிந்துவிடும். எந்த இடத்தில் திரும்பினாலும் காற்று துணை நிற்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே வரும் மேல்காற்று இப்பகுதியில் பலமாக வீசுகிறது. "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்ற பழமொழியை நம் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து புறப்படுபவர் மேற்கே, சேரன்மகாதேவிப் பக்கமாகச் செல்வது நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளிர் நிலவும் தை, மாசி மாதங்களில் கிழக்கே செல்லலாம். பங்குனிக்குப் பின் கோடை முடியும் வரை, எத்திசையாயினும் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். கடற்கரையில் முற்பகலுக்குமேல் கடற்காற்று எழும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மூன்று பாதைகள்

முதற்பாதை உங்கள் தெருதான். மருத்துவமனையின் நிலையான மிதிவண்டியில் பயிற்சி முடித்தவர்கள், முதல் சில வாரங்கள் வீட்டைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டருக்குள் ஓட்டினால் போதும். சிக்கலின்றி ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்குப் பொதுவாக ஆறு வாரங்களுக்குப் பின், ட்ரெட்மில் பரிசோதனையைப் பார்த்து, சாலையில் ஓட்ட அனுமதிக்கிறோம். பைபாஸ் செய்துகொண்டவர்கள் மூன்று மாதமேனும் பொறுக்க வேண்டும். கைப்பிடியில் உடல் எடையைச் சாய்க்கும்போதும், குழியில் சக்கரம் இறங்கும்போதும், அறுத்து இணைத்த மார்பெலும்பே அந்த அதிர்ச்சியைத் தாங்குகிறது.

இரண்டாவது, ஆற்றங்கரைப் பாதை. திருநெல்வேலியிலிருந்து பத்தமடை வழியாகச் சேரன்மகாதேவி வரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர். கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையோடு திரும்பினாலும் குறைவில்லை. கிழக்கே செல்வதானால் செய்துங்கநல்லூர், கருங்குளம், முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூர் வழியாக ஸ்ரீவைகுண்டம் சுமார் 30 கிலோமீட்டர். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது அங்குள்ளது. இந்த இரு திசைகளிலும் ஒரு பெரும் நன்மை உண்டு. மேற்கே தென்காசி ரயில் பாதையும், கிழக்கே திருச்செந்தூர் ரயில் பாதையும் சாலைக்குத் துணையாகச் செல்கின்றன; பேருந்துகளும் உண்டு. களைத்துவிட்டால் மிதிவண்டியைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டு ரயிலிலோ பேருந்திலோ திரும்புங்கள். மிதிவண்டி காத்திருக்கும். ஒரே மூச்சில் 20 கிலோமீட்டர் செல்ல முடிவதே இப்பாதையின் தகுதி அன்று. பத்தில் திரும்ப மனம் வருவதே தகுதி.

மூன்றாவது, கடற்கரைப் பாதை. திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு வரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர். பனைகளும் செம்மணல் தேரிகளும் கடலும் சூழ்ந்த, கண்ணுக்கு இனிய சாலை. ஆனால் நிழல் குறைவு, காற்று மிகுதி. சாலையில் மணல் படிந்திருந்தால் சக்கரம் வழுக்கும். ஆற்றங்கரைப் பாதையில் சில மாதங்கள் தொல்லையின்றி ஓட்டியவர்கள் மட்டுமே இதை நினைக்கலாம். மேல்காற்றுக் காலத்தில் திருச்செந்தூரிலிருந்து தெற்கே புறப்படுங்கள். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் மணப்பாட்டிலிருந்து வடக்கே புறப்படுங்கள்.

பாபநாசத்திலிருந்து காரையாறு செல்லும் மலைச்சாலையை எங்கள் நோயாளர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஏற்றம் செங்குத்தானது, அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் பகுதி, உதவி வந்து சேர நேரமாகும்.

மருந்துகளும் மிதிவண்டியும்

மெட்டோபுரோலால், பைசோபுரோலால் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களின் நாடித்துடிப்பு, உழைப்புக்கு ஏற்ப உயராது. அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பக்கூடாது. பேச்சே சிறந்த அளவுகோல். மிதித்துக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் உழைப்பு சரியான அளவில் உள்ளது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் உட்கொள்பவர்களுக்குச் சிறு விழுதலும் பெரும் இரத்தக்கசிவாகலாம், தலைக்கவசம் கட்டாயம். விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். சிறுநீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்கள், எவ்வளவு நீர் பருகலாம் என்பதை எங்களிடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வழியில் இளநீர் குடிக்கும் முன்னும் கேட்க வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் சிலருக்கு ஆகாது.

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை உட்கொள்பவர்களும் வெறும் வயிற்றில் புறப்படாதீர்கள். கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டால் நிறுத்திச் சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ உட்கொள்ளுங்கள். உடன்குடியைக் கடக்கும்போது கருப்பட்டி வாங்குபவர்களுக்கு ஒரு சொல்: கருப்பட்டியும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். அவசரத்துக்கு அது உதவும், அன்றாடத்துக்கு உதவாது.

நிறுத்த வேண்டிய நேரம்

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், படபடப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே இறங்குங்கள். நிழலில் உட்கார்ந்த பின்னரே நாவின் அடியில் மாத்திரை வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழ நேரலாம். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். தணிந்துவிட்டாலும் மீண்டும் மிதிக்காதீர்கள். அன்றே எங்களை வந்து பாருங்கள். "இன்னும் மூன்று கிலோமீட்டர்தானே" என்ற எண்ணமே மிகவும் ஆபத்தானது.

தொல்லை எதுவும் இல்லாத நாளிலும், கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக மிதித்து முடியுங்கள். கடும் உழைப்பைத் திடீரென நிறுத்தினால், கால்களில் இரத்தம் தேங்கித் தலைச்சுற்றல் வரலாம்.

குடும்பத்தாருக்கு

"போகாதே" என்று தடுப்பதைவிட, "எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவாய்?" என்று கேட்பது பயனுடையது. பாதையும் நேரமும் வீட்டில் ஒருவருக்கேனும் தெரிந்திருக்கட்டும். மருந்துச் சீட்டின் நகலும், அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். முடிந்தால் உடன் ஒருவர் செல்லுங்கள். பேசிக்கொண்டு செல்வது துணை மட்டுமன்று, மேலே சொன்ன அளவுகோலும்கூட. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு இதயத்துக்கு நல்லது. அதை நெடுந்தூரப் பயணமாக ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. நாள்தோறும் அரைமணி நேரமாக ஐந்து நாள் ஓட்டினாலே நிறைந்துவிடும்.

முன்னர்க் குறிப்பிட்ட அன்பர் இப்போதும் மிதிவண்டி ஓட்டுகிறார். ஆடி மாதத்தில் மேற்கே போகிறார். தை மாதத்தில் கிழக்கே போகிறார். சென்ற முறை பரிசோதனைக்கு வந்தபோது, எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டோம். "போகிற தூரத்தை இப்போதெல்லாம் கணக்கு வைப்பதில்லை, டாக்டர். திரும்பி வருகிற தூரத்தைத்தான் பார்க்கிறேன்" என்றார். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, நீங்கள் ஓட்ட விரும்பும் பாதையை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். சேர்ந்தே முடிவு செய்வோம்.