சேற்றுக் கால்களுக்குக் காப்பு: பருவத்துக்கு ஏற்ற பூட்ஸ் எது?

பயிரில் பூச்சி கண்டால் மருந்தடிப்பதும், மாட்டுக்குக் கோமாரி வருமுன் தடுப்பூசி போடுவதும் விவசாயிகளிடம் வழக்கமாகிவிட்டன. ஆனால் அந்தப் பயிரையும் மாட்டையும் காப்பவர் வெறுங்காலுடன்தான் சேற்றில் இறங்குகிறார். சேற்றுப்புண், முள், கிளிஞ்சல் வெட்டு, பாம்புக்கடி, எலிக்காய்ச்சல் ஆகிய ஐந்தும் பெரும்பாலும் காலின் வழியாகவே வருகின்றன. வேலை மும்முரமாக நடக்கும் நாளில் குடும்பத் தலைவர் பத்து நாள் படுத்துவிட்டால் ஏற்படும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸின் விலை பெரிதல்ல. எனினும் கண்டதை வாங்கினால் அது மூலையில்தான் கிடக்கும். வேலையையும் பருவத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எலிக்காய்ச்சலும் பாம்பும்

எலிக்காய்ச்சலுக்குக் காரணம் லெப்டோஸ்பைரா என்னும் கிருமியாகும். எலி, மாடு, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீரில் வெளிப்படும் இக்கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாட்கள், சில வேளை பல வாரங்கள் உயிரோடு இருக்கும். காலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ, நெடுநேரம் நீரில் ஊறி மெலிந்த தோல் வழியாகவோ உடலுக்குள் புகுந்துவிடும். இலங்கையில் 2008ஆம் ஆண்டு இந்நோய் பெருமளவில் பரவியபோது ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் இருப்பதாகக் கணக்கில் வந்தது. 200 பேருக்கு மேல் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் நெல் வயலில் இறங்கியவர்கள் மிகுதி.

பாம்புக்கடியும் குறைந்த ஆபத்தல்ல. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கடிகளில் பெரும்பகுதி பாதம், கணுக்கால், கீழ்க்கால் ஆகிய இடங்களில்தான் விழுகிறது. கண்ணாடி விரியன் நெல் வயலையும் வரப்பையும் விரும்பித் தங்குவது. எலி இருக்கும் இடத்துக்கு அதுவும் வரும். இரவில் மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடப் போகிறவருக்கு டார்ச் விளக்கும் முழங்கால் வரை உயர்ந்த பூட்ஸும் இரண்டு கண்களைப் போன்றவை. தமிழ்நாட்டில் பாம்புக்கடி 2024 முதல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டுள்ளது.

மூன்று வகை

சந்தையில் கிடைப்பவற்றை உயரத்தைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் சாதாரண கம்பூட்ஸ். மடை திறத்தல், வரப்பு வெட்டுதல், தொழுவம் கழுவுதல், மருந்தடித்தல், அறுவடை ஆகிய பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும். பிரான்ஸ் நாட்டில் 1853ஆம் ஆண்டு ஹைரம் ஹட்சின்சன் என்பவர் இவ்வகை ரப்பர் பூட்ஸைத் தயாரிக்கத் தொடங்கினார். மரச் செருப்புடன் சேற்றில் உழன்ற விவசாயிகளே முதலில் இதை விரும்பி வாங்கினர்.

இரண்டாவது, தொடை வரை வரும் நீள பூட்ஸ். வாய்க்கால் தூர்வாருவதற்கும் ஆழம் குறைந்த குட்டைக்கும் ஏற்றது.

மூன்றாவது, மார்பு வரை உயர்ந்து தோளில் பட்டையால் மாட்டப்படும் முழு உடுப்பு. மீன் குட்டை வைத்திருப்போர் வலை இழுக்கவும், தாமரைக் குளத்தில் பூப்பறிக்கவும், குளத்தில் ஆகாயத்தாமரை அகற்றவும் இது உதவும். அமெரிக்காவிலும் கனடாவிலும் காட்டு வாத்து வேட்டைக்காரர்கள் அணிவது இந்த வகைதான். அங்கே நீர் உறையும் குளிர் என்பதால், நியோப்ரீன் என்னும் பஞ்சு போன்ற செயற்கை ரப்பரில் சுமார் 5 மில்லிமீட்டர் கனத்தில் தைத்ததை அணிகிறார்கள். இந்தியாவில் காட்டுப் பறவை வேட்டையை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆகவே இங்கு இந்த உடுப்பு மீன் வளர்ப்போருக்கும் குளத்து வேலைக்காரருக்குமே உரியது. நம் சமவெளி வெயிலில் நியோப்ரீன் உடுப்பு அணிந்தால் உடல் வெந்துவிடும். பிவிசி பூசிய மெல்லிய நைலான் துணியால் ஆனதே இங்கு ஏற்றது, விலையும் குறைவு.

பருவம் பார்த்து

வெயில் காலம்: குறுவைப் பருவத்தில் பூட்ஸுக்குள் வியர்வை தேங்கிக் கால் ஊறும். நீருக்குப் பயந்து பூட்ஸ் போட்டவர் வியர்வையால் சேற்றுப்புண் தேடிக்கொள்ளக் கூடாது. கறுப்பைவிட வெளிர் நிற பூட்ஸ் வெயிலில் குறைவாகச் சூடேறும். உள்ளே பருத்தி உறை அணிவதும், காலை மாலை வேளைகளில் மட்டும் பூட்ஸ் வேலையை வைத்துக்கொள்வதும் நல்லது. இடையில் கழற்றிக் காலை உலர்த்திக்கொள்ள வேண்டும்.

மழைக் காலம்: ஐப்பசி, கார்த்திகையில் வயலில் நீர் மட்டம் சட்டென்று ஏறும். பூட்ஸின் விளிம்புக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி இருக்கும் ஆழம் வரைதான் இறங்கலாம். உள்ளே நீர் புகுந்தால் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு கிலோ கனம் காலில் ஏறும், கரையேறுவது கடினமாகிவிடும். மார்பு வரை வரும் உடுப்பு அணிபவர் இடுப்பில் பட்டையை இறுகக் கட்டியே தீர வேண்டும். தவறி விழுந்தாலும் நீர் வேகமாக உள்ளே புகாமல் அது தடுக்கும். வெள்ளம் ஓடும் வாய்க்காலிலும் ஆற்றிலும் இந்த உடுப்புடன் இறங்கவே கூடாது. தேங்கிய குளத்திலும் கரையில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

பனிக் காலம்: மார்கழி, தை மாதங்களில் சம்பா அறுவடை நடக்கும். நீர் வடிந்த வயலில் எலி வளைகளும், அவற்றைத் தேடி வரும் பாம்புகளும் மிகுதி. இலேசான, முழங்கால் உயர பூட்ஸ் இப்போது மிகவும் பயன்படும். நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் காய்கறி பயிரிடுவோர் உள்ளே கம்பளி உறை அணிய இடம் இருக்கும்படி ஓர் அளவு பெரிதாக வாங்கலாம்.

நடவுக்குப் பொருந்துமா?

நாற்று நடும் சேற்றில் பூட்ஸ் சரிப்படாது என்று பெண்கள் சொல்வதில் நியாயம் உண்டு. உழுது கலக்கிய சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும். காலைப் பிடுங்கும்போது பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிடும். மேலும் கடைகளில் ஆண்களின் அளவே அதிகம் இருப்பதால், பெண்களுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. ஆகவே ஆழச் சேற்று நடவுக்கு வெறுங்கால்தான் என்றால், வேறு வழியில் காப்புத் தேட வேண்டும். காலில் கீறல், பித்தவெடிப்பு இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு இறங்க வேண்டும். வேலை முடிந்ததும் நல்ல நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும். எலிக்காய்ச்சல் பரவும் காலத்தில் வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கும் முறை கேரளத்தில் கையாளப்படுகிறது. மருத்துவரைக் கேட்காமல் இதை விழுங்கக் கூடாது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர் வெறுங்காலுடன் வயலில் இறங்கவே கூடாது. காலில் உணர்ச்சி மங்கியிருப்பதால் முள் தைத்ததே தெரியாமல் போய், புண் முற்றிவிடும்.

வாங்கும்போது

1. மாலையில் வாங்க வேண்டும். பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவே சரியான அளவு.

2. வெறுங்காலில் நடந்து பழகியவர்களின் முன்பாதம் அகன்றிருக்கும். நீளம் மட்டுமன்றி அகலத்தையும் பார்க்க வேண்டும். விரல் நுனிக்கு முன் ஒரு விரல் இடம் இருக்க வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது.

3. அடிப்பகுதியில் பட்டைகள் ஆழமாகவும் இடைவெளி விட்டும் இருந்தால் சேறு தானே உதிரும். நெருக்கமான பட்டையில் களிமண் அப்பி, வரப்பில் வழுக்கும்.

4. இரும்பு முனை வைத்த தொழிற்சாலை பூட்ஸ் சேற்றுக்குக் கனம், தேவையில்லை.

5. வீட்டுக்கு வந்ததும் நீர் நிரப்பி ஓர் இரவு காகிதத்தின் மேல் நிறுத்தினால் ஒழுக்கு தெரிந்துவிடும், உடனே மாற்றிக்கொள்ளலாம்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, தலைகீழாகக் குச்சியில் மாட்டி நிழலில் உலர்த்த வேண்டும். உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும். மண்ணெண்ணெய், டீசல் பட்டால் ரப்பர் உப்பி இளகும். ரப்பர் பூட்ஸில் சிறு ஓட்டை விழுந்தால் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது போலவே ஒட்டலாம். பிவிசி பூட்ஸுக்கு அந்தப் பசை பிடிக்காது, தனிப் பசை கேட்டு வாங்க வேண்டும். மருந்தடிக்கும்போது கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் மருந்து வழிந்து காலில் தங்கும். ஒவ்வொரு முறையும் அணியுமுன் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். இருட்டும் கதகதப்பும் தேடித் தேளும் பாம்புக்குட்டியும் உள்ளே புகுந்திருக்கலாம்.

காய்ச்சல் வந்தால்

பூட்ஸ் ஆபத்தைக் குறைக்குமேயன்றி முழுவதும் நீக்கிவிடாது. வயலில் இறங்கிய ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு கண்டால் சாதாரணக் காய்ச்சல் என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடக் கூடாது. நாள் கடந்தால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவரிடம் சென்று, சேற்றில் வேலை செய்ததை முதலிலேயே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கண்டால் இது எளிதில் குணமாகும் நோயே.

பாம்பு கடித்தாலும் கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ, கயிற்றால் இறுகக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

அடுத்த சாகுபடிக்கு விதை, உரம் என்று கணக்குப் போடும்போது, வீட்டில் வயலுக்கு இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி பூட்ஸையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.