வெள்ளியங்கிரி வழிப்பெயர்கள்

சோமனூரை அடுத்த சாமளாபுரத்துக் குளத்திற்கு நீர் தரும் நொய்யல், மேற்கே வெள்ளியங்கிரி மலைத்தொடரில் தோன்றுவது. பேரூர்ப் புராணம் இயற்றிய கச்சியப்ப முனிவர் இவ்வாற்றைக் காஞ்சி எனப் போற்றுவர். தறிநெய்வாரும் உழுவாரும் அறிந்த பெயர் நொய்யல் ஒன்றே. ஆற்றிற்குப் போலவே அது தோன்றும் மலைவழிக்கும் நூல்வழக்கு ஒன்று, நடப்போர் வழக்கு ஒன்று என இரண்டு உள. பின்னதே ஈண்டு நம் ஆய்வுப்பொருள்.

வெள்ளியங்கிரி என்பது வெள்ளி என்னும் தமிழ்ச்சொல்லும் கிரி என்னும் வடசொல்லும் அம்முச்சாரியை இடைவரப் புணர்ந்தது. கயிலையை வெள்ளிமலை என்னும் மரபை ஒட்டியே இது தென்கயிலாயம் எனப்பட்டது. கொங்கு மக்கள் நாவில் இது 'வெள்ளிங்கிரி' எனக் குறுகி, மக்கட்பெயராகவும் வழங்குகிறது.

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி ஒன்றை வாங்கிக்கொண்டு ஏறுவோர் ஏழு மலைகளைக் கடந்தே முடியிலுள்ள இலிங்கத்தை அடைவர். இடையில் வரும் பெயர்களைக் காண்க: வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை. முதற்பெயர் எச்சரிக்கை. கைதட்டிச் சுனையோ, தட்டினால் நீர் பெருகும் என்னும் நம்பிக்கையைத் தாங்கி, ஏறுவோன் அங்கே செய்யும் செயலையே பெயராகக் கொண்டது.

இதன் அருமை சிலப்பதிகாரத்தோடு ஒப்பிடும்போது விளங்கும். காடுகாண் காதையில் மறையோன் கூறும் திருமால்குன்றத்துப் பொய்கைகள் புண்ணியசரவணம், பவகாரணி, இட்டசித்தி என்பன. அவை ஆடினோர் பெறும் பயனால் பெயர் பெற்றவை. பெயரைக் கேட்டோன் பேற்றை அறிவானேயன்றி இடத்தை அறியான். வெள்ளியங்கிரிச் சுனைப்பெயர்களோ பயன் பேசுவதில்லை.

இவற்றிற்கு உறவு மலைபடுகடாத்தில் உளது. நன்னனிடம் செல்லும் கூத்தர்க்குப் பாம்பு உறையும் குழிகளையும், பன்றிப் பொறிகளையும், தினைகாப்போர் எறியும் கவண்கற்களையும், வழுக்கும் நீர்நிலைகளையும் முன்னரே அறிவிக்கும் அப்பாட்டு, முன்சென்றோன் பின்வருவோனுக்குச் செய்யும் உதவி. வழுக்குப்பாறை என்னும் பெயர் ஒற்றைச் சொல்லில் அமைந்த ஆற்றுப்படை என்பது நம் கருத்து. இதனை மிகை என்பாரும் உளர். அன்னார் ஒருமுறை அவ்வழியே இரவில் ஏறிப் பார்ப்பாராக.

காப்பியக் கதைசார்ந்த பெயர்களும் இவ்வழியில் இல்லாமல் இல்லை. சீதைவனம், அர்ச்சுனன் வில், பீமன் களியுருண்டை என்பன அவை. ஆயினும் உருண்டைப் பாறை ஒன்றைக் கண்ட கொங்குநாட்டார், பீமனுக்குத் தம் வீட்டுக் களியையே உருட்டிக் கொடுத்துள்ளனர். வடநாட்டுக் கதைத்தலைவன் இங்குக் களியுண்ணும் உழவனாகிவிட்டான்.

அண்மைக்காலத்து ஏறுவோர் பலர் 'மூன்றாம் மலை', 'ஐந்தாம் மலை' என எண்ணாலேயே சுட்டுகின்றனர். எண், தொலைவை மட்டுமே சொல்லும். இடத்தின் இயல்பைச் சொல்லாது. வனத்துறையின் இசைவு பெற்றுப் பிப்ரவரி முதல் மே வரை ஏறும் கூட்டம் பெரிது; 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் மலையேற்றத்தின்போது பலர் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் உயிர் துறந்தனர். பெயர் தெரிந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என்று கூறோம். எனினும், எங்கே இளைப்பாறுதல் வேண்டும், எங்கே தடியை ஊன்றுதல் வேண்டும் என்னும் பழைய அறிவு பெயர்களோடு பிணைந்தது. பெயர் மறையின் அதுவும் மறையும்.

ஊர்ப்பெயர் ஆய்வில் நம் துறைகள் காட்டிய ஆர்வத்தை மலைவழிப் பெயர்களில் காட்டவில்லை. தொகுக்கப் புகும் மாணாக்கர் பெயர்ப்பலகையிலிருந்து தொடங்குதல் ஆகாது. அடிவாரத்து இருளர் பதிகளுக்கே முதலிற் செல்லல் வேண்டும். ஏறுவோர் ஒரு பருவத்தில் வந்து மீள்பவர். பதியினரோ மழைக்காலத்திலும் அம்மலையோடு வாழ்பவர். ஒவ்வொரு பெயரையும் அவர்தம் ஒலிப்பிலேயே பதிவு செய்து, அது பாறையா, சுனையா, திருப்பமா என்பதனையும், எப்பருவத்தில் அங்கு நீர் உண்டு என்பதனையும் உடன் குறித்தல் வேண்டும்.