சானடோரியம் ஸ்டேஷனும் கிருமியின் சட்டையும்

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டினால் அடுத்தது தாம்பரம் சானடோரியம். காலையில் அங்கே இறங்குகிற கூட்டத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள்தான் கண்ணில் படுவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை, ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். சானடோரியம் என்றால் என்ன என்று கேட்டால், "ஸ்டேஷன் பேரு சார்" என்பார்கள். எனக்கு வாடகை வீடு காட்டிய தரகர்கூட, "சானடோரியத்துலேர்ந்து நடந்தே வந்துடலாம்" என்பதை வீட்டின் சிறப்பாகத்தான் சொன்னார். என் தாத்தா காலத்தில் அப்படிச் சொன்னால் வந்தவர் படியேறாமலே திரும்பியிருப்பார். அந்தப் பெயருக்கு அன்று ஒரே அர்த்தம்தான்: டி.பி. ஆஸ்பத்திரி.

1928-ல் டாக்டர் சௌரிமுத்து பன்னிரண்டு படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். இங்கிலாந்தில் மென்டிப் மலையில் காசநோயாளிகளுக்கான விடுதி நடத்திவிட்டு வந்தவர் அவர். கணிதமேதை ராமானுஜன் 1917-ல் சில காலம் அங்கே அவருடைய கவனிப்பில் இருந்தார். (ராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா என்று இன்றைக்கும் மருத்துவர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.) அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், முட்டை, பால், ஓய்வு ஆகியவைதான் வைத்தியம். ஊருக்கு வெளியே, குன்றுகள் சூழ்ந்த பொட்டல்காடாகக் கிடந்த தாம்பரம் அதற்குத் தோதான இடம். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது.

அந்தக் காற்று வைத்தியத்துக்கு முடிவு கட்டியதும் இதே சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு குடிசையில் இருக்கும் நோயாளியும் சானடோரியத்தில் படுத்திருக்கும் நோயாளியும் ஒரே அளவுக்குக் குணமாகிறார்கள் என்று 1959-ல் காட்டியது. அதைப் படித்த உலகம் சானடோரியங்களை ஒவ்வொன்றாக மூடியது. நம்முடையது மூடப்படாமல் நெஞ்சக நோய் மருத்துவமனையாகத் தொடர்கிறது, எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே பலர் தயங்கிய தொண்ணூறுகளில் அவர்களையும் சேர்த்துக்கொண்டது.

குணப்படுத்துவதில் இப்படி முந்திய ஊருக்கு, தடுப்பதில்தான் பெரிய அடி விழுந்தது. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று வருடம் திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியத்தை இழக்கவைத்து உண்டாக்கிய தடுப்பூசிதான் பி.சி.ஜி. மனிதருக்கு முதன்முதலில் 1921-ல் போடப்பட்டது. 1948-ல் கிண்டியில் அதைத் தயாரிக்கும் கூடம் வந்தது. 1955-ல் ராஜாஜி இந்த ஊசியே வேண்டாம் என்று தனிப் புத்தகமே போட்டார். உயிருள்ள கிருமியைக் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளுக்குள் செலுத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை.

சரி, உண்மையிலேயே பலிக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இறங்கினார்கள். தாம்பரமும் அப்போது அதே மாவட்டம்தான். ஆய்வு நடந்ததோ திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில். ஒரு மாதக் குழந்தை முதல் கிழவர் வரை, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி. சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்குப் போலி மருந்து. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு வருடக்கணக்காக எக்ஸ்ரே எடுத்தும் சளியைச் சோதித்தும் ஊர் ஊராகத் தொடர்ந்தார்கள். 1979-ல் முதல் அறிக்கை வந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவே இல்லை. பதினைந்து வருடக் கணக்கு 1999-ல் வெளியானபோதும் அதே கதைதான்.

ராஜாஜி ஜெயித்துவிட்டார் என்று சொல்லத் தோன்றும். அது சரியில்லை. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயை இந்த ஊசி தடுக்கிறது. அதற்காகத்தான் இன்றும் போடுகிறோம். செங்கல்பட்டு எழுப்பிய கேள்வி வேறு: ஏன் பலிக்கவில்லை? ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்குப் பிடித்தமானது. நம் மண்ணிலும் தண்ணீரிலும் இந்தக் கிருமியின் பங்காளிகள் ஏராளமாக வாழ்கின்றன. அவற்றோடு பழகிப் பழகி நம் உடம்புக்கு அந்தக் குடும்பச் சாயல் முன்பே தெரிந்துபோயிருக்கிறது. அதன் மேல் பி.சி.ஜி. புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்படியானால் முழுக் கிருமியைக் காட்டாமல் இந்தக் கிருமிக்கே உரிய அடையாளம் எதையாவது காட்டினால் என்ன? தேடல் கிருமியின் மேல்தோலுக்கு வந்தது இப்படித்தான். காசநோய்க் கிருமிக்கு மெழுகில் முக்கியெடுத்த சட்டை போல ஓர் உறை உண்டு. பரிசோதனைக் கூடத்தில் சிவப்புச் சாயம் ஏற்றி அமிலம் ஊற்றினாலும் சாயம் இறங்காது. சளியில் அதைக் கண்டுபிடிப்பதே அந்தப் பிடிவாதத்தை வைத்துத்தான். மெழுகின் ஊடே புரதங்கள் பதிந்திருக்கின்றன, சில வெளியேயும் கசிகின்றன. 1998-ல் கிருமியின் மரபணு வரிசை முழுதாக வெளிவந்தபோது, ஏறக்குறைய நாலாயிரம் மரபணுக்களுக்கான இடத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை ‘பி.இ.’, ‘பி.பி.இ.’ என்ற இரண்டே புரதக் குடும்பங்கள் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவற்றில் பல அந்தச் சட்டையில் வாசம் செய்பவை. இத்தனை இடத்தைச் சும்மா ஒதுக்கியிருக்காது.

அந்தக் கூட்டத்தில் ஒன்றையும் வேறொரு புரதத்தையும் ஒட்டித் தைத்ததுதான் ‘எம்72’ தடுப்பூசி. ஏற்கெனவே கிருமி உள்ளே உறங்கிக்கொண்டிருந்த ஆப்பிரிக்கப் பெரியவர்களுக்குப் போட்டுப் பார்த்ததில், மூன்று வருடத்தில் நோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பாதிதானா என்று உதட்டைப் பிதுக்கலாம். செங்கல்பட்டுக் கணக்கைப் படித்தவர்கள் பிதுக்க மாட்டார்கள். அதற்கு முன், 2013-ல், கிருமியின் சுவரைக் கட்டும் ஒரு புரதத்தை நம்பித் தென் ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் சோதித்த இன்னொரு தடுப்பூசி கையை விரித்துவிட்டது. எந்தப் புரதம் முக்கியம் என்பது போட்டுப் பார்க்காமல் தெரிவதில்லை.

எம்72-இன் கடைசிக் கட்டச் சோதனை 2024-ல் தொடங்கியது. தென் ஆப்பிரிக்கா, கென்யா, இந்தோனேசியா என்று போகிறது பட்டியல். இந்தியா அதில் இல்லை. உலகத்தில் காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு இது. பங்காளிக் கிருமிகள் மண்டிக்கிடக்கும் நம் மண்ணில் அந்தப் புரதம் பலிக்குமா என்பதற்கு நைரோபியில் கிடைக்கும் விடை போதாது; செங்கல்பட்டு கற்றுக்கொடுத்ததே அதுதானே. இங்கேயோ, அதே பழைய பி.சி.ஜி.யைப் பெரியவர்களுக்கு மறுபடி போட்டுப் பார்க்கும் ஆய்வு பல மாநிலங்களில் நடக்கிறது.

போன மாதம் தங்கை மகள் தன் குழந்தைக்கு ஊசி போடக் கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் மருந்தைக் கரைத்து, இடது தோளுக்குக் கீழே தோலை மட்டும் மெல்லத் தூக்கினாற்போல் ஏற்றினார் நர்ஸ். மிளகு அளவுக்கு வெளுப்பாய் ஒரு பொரி எழும்பியது.

"கொஞ்ச நாள்ல சீழ் வைக்கும்மா. பயந்துக்காதே, எதுவும் தடவாதே."

"இதப் போட்டா டி.பி. வராதுல்லக்கா?"

"குழந்தைக்கு மூளைக் காய்ச்சலா வர்ற டி.பி. வராம பாத்துக்கும்" என்றவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குப்பி மேல் நேரத்தை எழுதினார். கரைத்த மருந்து நாலு மணி நேரம்தான் தாங்கும். வெளியே பெஞ்சில் இன்னும் மூன்று குழந்தைகள் காத்திருந்தன.