பில் ஓரிடம், சுவிட்ச் வேறிடம்

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் 'நாக்' குழு வரப்போகிறது என்றால் போதும், மொட்டைமாடியில் சோலார் பேனல் முளைத்துவிடும். மாற்று எரிசக்திக்கும் எரிசக்தித் தணிக்கைக்கும் மதிப்பெண் உண்டே! பேனலைக் குறை சொல்லவில்லை. அதற்குக் கீழே, வகுப்பறைகளில் சுற்றிக்கொண்டிருப்பதைத்தான் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பழைய மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். புதுவகை பி.எல்.டி.சி. மோட்டார் விசிறிக்கு 30 வாட் போதும். ஆயிரம் விசிறி, நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்று கணக்குப் போட்டால் 72,000 யூனிட் மிச்சம். நம்மூர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஆக, விசிறியை மாற்றுவதே 50 கிலோவாட் பேனல் போட்டதற்குச் சமம். என்ன, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள முடியாது.

ஏசி கதை தெரிந்ததுதான். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் செயலகம். கருத்தரங்கக் கூடத்திலோ 18 டிகிரி. விருந்தினருக்குப் போர்த்திய பொன்னாடை அங்கேதான் உண்மையிலேயே உதவுகிறது.

பெரிய கல்லூரிகளுக்கு எச்.டி. எனும் உயரழுத்த மின் இணைப்பு. அதில் யூனிட்டுக்கு ஒரு கட்டணம், 'மேக்ஸிமம் டிமாண்ட்' என்று இன்னொரு கட்டணம். மாதத்தில் ஒருநாள், கொஞ்ச நேரம் எல்லாம் சேர்ந்து ஓடி மீட்டர் உச்சத்துக்குப் போனாலும், அந்த உச்சம்தான் அந்த மாதக் கணக்கில் ஏறும். காலை பத்து மணி: கம்ப்யூட்டர் லேபில் ஏசி, பட்டறையில் லேத். அதே நேரம் பார்த்து விடுதித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் உறுமும். அதை விடிகாலை ஐந்து மணிக்குப் போட்டால் பைசா செலவில்லாமல் உச்சம் இறங்கும்.

ஏன் போடுவதில்லை? பில் வருவது அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்கு. சுவிட்ச் இருப்பது எலெக்ட்ரீஷியன் கையில். பணம் கட்டுபவருக்கு மோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரியாது. எலெக்ட்ரீஷியனுக்குப் பில்லை யாரும் காட்டியதில்லை. "தண்ணி வரலை" என்று வார்டன் போன் செய்தால் போடுவார், அவ்வளவுதான். கெப்பாசிட்டர் பழுதாகி பவர் ஃபேக்டர் இறங்கி அபராதம் விழுந்தாலும் இதே கதி: அபராதம் ஓர் அறையில், பழுது இன்னோர் அறையில்.

வெளியாட்களைத் தணிக்கைக்கு அழைக்குமுன் நிர்வாகம் பில்லின் நகல் ஒன்றை எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, ஞாயிறு மதியம் மீட்டரைப் பார்க்கச் சொல்லலாம். வகுப்பே இல்லாத நேரத்தில் எது ஓடுகிறது? ஆளில்லாத மாடியில் வாட்டர் கூலரா, வெள்ளிக்கிழமை யாரோ அணைக்காமல் போன ஏசியா? பட்டியலை அன்று மாலையே அவர் எழுதிக் கொடுத்துவிடுவார்.