யானைக் கொட்டிலில் இருந்து பறக்கும் தட்டு வரை: மைசூரு சிறுவன் சாபுவை மாயப் படங்கள் உயர்த்தியதும் முடக்கியதும்

ஹனூர் (சாமராஜநகர்): கபினி ஆற்றங்கரையை உள்ளடக்கிய பழைய மைசூரு சமஸ்தானம் யானைக் காடுகளுக்குப் பெயர் பெற்றது. அந்தக் கபினிக் கரையில் உள்ள காராபுராவில் 1924ஆம் ஆண்டு பிறந்த ஒரு யானைப் பாகனின் மகன்தான் பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமாக உயர்ந்த சாபு.

மகாராஜாவின் யானைக் கொட்டிலில் வளர்ந்த சாபுவை, படப்பிடிப்புக்காக மைசூரு வந்திருந்த இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் குழு கண்டெடுத்தது. கிப்ளிங்கின் கதையைத் தழுவிய 'எலிஃபன்ட் பாய்' 1937ஆம் ஆண்டு வெளியாகி, முன்பின் நடித்திராத சிறுவனை உலகறியச் செய்தது. தயாரிப்பாளர் அலெக்ஸாண்டர் கோர்டா அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்.

அவரது திரைவாழ்வின் உச்சம் 1940ஆம் ஆண்டின் 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்'. பூதமும் பறக்கும் கம்பளமும் நிறைந்த இப்படம் மூன்று ஆஸ்கர் விருதுகளை வென்றது. ஒளிப்பதிவு, கலை இயக்கம், சிறப்புக் காட்சிகள் ஆகியவற்றுக்கே அவ்விருதுகள் கிடைத்தன. மாயாஜாலம், திகில், அறிவியல் புனைவு ஆகிய மூன்று வகைகளிலும் நடிகர்கள் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே: பெருமை பெரும்பாலும் தந்திரக் காட்சிகளுக்குப் போய்ச் சேர்கிறது, நடிகரிடம் தங்குவது அந்தத் தோற்றம் மட்டுமே.

ஒரே படம், இரு வேறு பாதைகள்:

அப்படத்தின் வில்லன் கான்ராட் வைட், 1920ஆம் ஆண்டு வெளியான 'டாக்டர் காலிகாரி' என்ற ஜெர்மானியத் திகில் படத்தால் புகழ் பெற்றவர். ஆயினும் இரண்டே ஆண்டுகளில் அவர் 'காசாபிளாங்கா'வில் ஜெர்மானிய ராணுவ அதிகாரியாக நடித்தார். சாபுவுக்கோ 'ஜங்கிள் புக்', 'அரேபியன் நைட்ஸ்', 'கோப்ரா வுமன்' என மீண்டும் காடு, தீவு, அரண்மனை ஆகியவையே கிடைத்தன. ஐரோப்பிய நடிகரால் வேடத்தைக் கழற்றி வைக்க முடிந்தது. சாபுவின் வேடமாக ஹாலிவுட் கருதியது அவரது நிறத்தையும் பிறப்பையும்.

1944ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அவர், பசிபிக் போர்முனையில் குண்டுவீச்சு விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கி வீரராகப் பணியாற்றிப் பதக்கம் பெற்றார். போருக்குப் பின் 'பிளாக் நார்சிஸஸ்' (1947) படத்தில் இளவரசராக நடித்தது குறிப்பிடத்தக்க விதிவிலக்கு.

1950களில் மாயாஜாலத்தின் இடத்தை அறிவியல் புனைவு பிடித்துக்கொண்டது. காட்டுப் படங்களும் அதற்கேற்ப மாறின. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனத்துடன் இணைந்து 1952ஆம் ஆண்டு எடுத்த 'காடு' படத்தில், அழிந்துபோன மாமூத் யானைகள் இந்தியக் காட்டில் உலவின. சாபுவின் 'ஜங்கிள் ஹெல்' (1956) இன்னும் ஒரு படி மேலே சென்று, காட்டின் மீது பறக்கும் தட்டையே கொண்டுவந்தது. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படத்திலும் முப்பது வயதைத் தாண்டிய சாபு, யானையுடன் நிற்கும் காட்டுவாசியாகவே இருந்தார்.

சொந்த மொழியில் திகில்:

மைசூருவில் பிறந்த மற்றொரு நடிகரான விஷ்ணுவர்தனின் அனுபவம் வேறு. மலையாள 'மணிச்சித்ரதாழ்' கதையைத் தழுவிய கன்னடப் படமான 'ஆப்தமித்ரா'வில் 2004ஆம் ஆண்டு நடித்தபோது, அவருக்கு முப்பது ஆண்டு காலப் பல்வகை வேடங்களின் பின்புலம் இருந்தது. தமிழில் 'சந்திரமுகி'யாக வந்த அதே கதை, ஜோதிகாவின் நடிப்புத் திறனுக்குச் சான்றாகவே பேசப்படுகிறது. மலையாளத்தில் ஷோபனாவுக்குத் தேசிய விருதையே பெற்றுத் தந்தது. இவர்களில் எவரையும் ரசிகர்கள் பேய்ப்பட நடிகராகச் சுருக்கவில்லை.

சாபு 1963ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, 39ஆவது வயதில் மாரடைப்பால் கலிபோர்னியாவில் காலமானார். மறு ஆண்டு வெளியான அவரது கடைசிப் படத்தின் பெயர் 'எ டைகர் வாக்ஸ்'. அதிலும் அவருக்குக் கிடைத்தது விலங்குப் பயிற்சியாளர் வேடம்.