ஆயாவின் விரலும் அரை விநாடியும்

நாட்டிலேயே முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற முதல் மாநிலம் என்று கேரளம் 2025 ஆகஸ்ட் 21 அன்று தன்னை அறிவித்துக்கொண்டது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்ததில் சுமார் 21.88 லட்சம் பேருக்கு ஸ்மார்ட்போனும் இணையமும் பழக்கமில்லை என்று தெரிந்ததாம். அவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பயிற்சி கொடுத்து முடித்தாயிற்றாம். நூறு வயது தாண்டிய பெரியவர் ஒருவர் போனும் கையுமாகச் செய்திகளில் வந்தார். நூறு சதவீதத்தை ஒட்டி வரும் எந்த அரசுக் கணக்கையும் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதுதான் நல்லது. ஆனாலும் ஒன்றைப் பாராட்ட வேண்டும்: அறுபது வயதானவுடன் ஆளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடவில்லை.

மத்திய அரசின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் எடுத்துவிட்டது. 2017-ல் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்த அந்தத் திட்டத்தில் 6.39 கோடி பேர் பயிற்சி பெற்றதாகக் கணக்கு. குடும்பத்துக்கு ஒருவர், மொத்தம் 20 மணி நேரம், வயது 14 முதல் 60 வரை. கல்வராயன் மலையில் மரவள்ளி போட்டு, புளி தட்டிப் பிழைக்கும் 65 வயது ஆயாவுக்கு அதில் இடமில்லை. ஆனால் வங்கியில் பணம் ஏறிய செய்தியும், காஸ் சிலிண்டருக்கான ஓடிபியும் வருவது அவருடைய போனுக்குத்தான். திட்டம் விட்டுவிட்டதால் பாடம் நடத்துவது பேரப்பிள்ளைகள். மலைமேல் வெள்ளிமலையானாலும், கீழே கள்ளக்குறிச்சி டவுனானாலும் அந்த வகுப்பு ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. "ஆயா, அழுத்தாத, சும்மா தொடு." "தொட்டுக்கிட்டுதான்டா இருக்கேன்." பேரன் தொட்டால் திறக்கிறது, ஆயா தொட்டால் அசைய மாட்டேன் என்கிறது. ஏன்?

ஞாபக மறதி, வயது, பயம் என்று காரணம் சொல்பவர்கள் நிறைய. அதற்கெல்லாம் முன்னால் விரல் நுனியைப் பார்க்க வேண்டும்.

போன் திரைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இண்டியம் டின் ஆக்சைடுக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இரண்டு கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் துளி மின்புலம் உண்டு. மின்சாரத்தைக் கடத்தும் நம் உடம்பு பக்கத்தில் வந்தால், அந்தப் புலத்தில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இதனால் மின்தேக்குத்திறனில் ஏற்படும் மாற்றம் மிக நுண்ணியது, ஒரு பிகோஃபாரடைக்கூடத் தொடாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சில்லு விடாமல் எல்லாச் சந்திப்புகளையும் சுற்றிச் சுற்றி அளந்துகொண்டே இருக்கிறது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக இலைகள், எல்லாவற்றிலும் ஒரே அளவு சோறு. பந்தி விசாரிப்பவர் விநாடிக்கு நூறு முறை மண்டபத்தைச் சுற்றி வருகிறார். எந்த இலையில் சோறு குறைந்திருக்கிறதோ அங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு கட்டுகிறார். ஈ மொய்த்துப் போன பருக்கைக்கெல்லாம் ஓடினால் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஆகவே ஒரு கவளமாவது குறைந்தால்தான் கணக்கு. பேரன் கை நிறைய அள்ளுகிறான். ஆயா நாலு பருக்கை எடுக்கிறார். "இங்கே யாரும் இல்லை" என்று விசாரிப்பவர் நடையைக் கட்டிவிடுகிறார். தடித்த டெம்பர்டு கிளாஸ் ஒட்டினால் சோற்றின் மேல் இன்னோர் இலையைப் போட்டு மூடிய மாதிரி. திரையில் தண்ணீர் சிந்தினால் சாம்பார் நாலு இலைக்கும் ஓடி, யார் சாப்பிட்டார்கள் என்றே தெரியாமல் போகும்.

ஆயா ஏன் நாலு பருக்கைதான் எடுக்கிறார்? விரல் நுனியில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. ஈரம் முழுக்க வியர்வையால் வருவது. வயதாக ஆக வியர்வை குறைகிறது. களைக்கொத்தும் அரிவாளும் பிடித்த கையில் காய்ப்பு வேறு. காய்ந்து தடித்த அந்த மேல்தோல் மின்சாரத்துக்குத் தடுப்புச் சுவர்; கடத்தும் சதை அதற்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. தோல் விறைத்திருப்பதால் கண்ணாடியில் பரந்து படிவதும் இல்லை, தொடும் பரப்பு சுருங்கிவிடுகிறது. கள்ளக்குறிச்சியில் உளி பிடித்துப் பழகிய மரச் சிற்பிகளின் விரலுக்கும் இதே கதைதான். ரேஷன் கடையில் ரேகை பதியாத விரலும் பெரும்பாலும் இதுவேதான். ஆனால் அங்கே வில்லன், தேய்ந்துபோன ரேகை மேடுகள்.

இனிதான் வேடிக்கை. தொட்டு நடக்காததால் ஆயா அழுத்துகிறார். மோட்டார் சுவிட்சும் பட்டன் போனும் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. அழுத்தினால் விரல் கொஞ்சம் பரவும், திரைக்கும் தெரிந்துவிடும். ஆனால் அழுத்திய விரல் எழுவதற்குள் ஏறக்குறைய அரை விநாடி கடந்திருக்கும். அரை விநாடிக்கு மேல் நின்ற விரல் 'தொட்டது' ஆகாது, 'பிடித்தது' ஆகிவிடும். பந்தியில் எழாமல் உட்கார்ந்திருந்தால் மறுசோறு கேட்கிறார் என்று நினைப்பதைப் போல, போன் வேறு பட்டியலைக் கொண்டுவந்து வைக்கிறது. பதறி விரலை இழுத்தால் வாட்ஸ்அப் ஐகான் விரலோடு நகர்ந்து, 'நீக்கு' என்ற இடத்தில் போய் விழுகிறது. "போன் கெட்டுப்போச்சு" என்று ஆயா அதைக் கீழே வைத்துவிடுகிறார். உண்மையில் போன் தனக்குச் சொன்னதைத்தான் செய்தது. மின்புலத்துக்கு ஓர் எல்லை, நேரத்துக்கு ஓர் எல்லை; இரண்டிலும் அவர் விரல் தவறான பக்கத்தில் விழுந்தது.

கம்ப்யூட்டரிலும் இதே அரை விநாடி உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸில் இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே 500 மில்லிவிநாடிக்கு மேல் போனால் அது இரட்டைக் கிளிக் இல்லை. கை மெதுவாக நகரும் பெரியவருக்கு ஃபைல் திறக்காது. அதை 900 வரை நீட்ட வழி இருந்தும் எந்தப் பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள்?

வரலாறு வேண்டுமானால்: 1965-ல் இங்கிலாந்தின் ராயல் ரேடார் நிறுவனத்தில் ஈ. ஏ. ஜான்சன், மின்புல மாற்றத்தை அளக்கும் இவ்வகைத் தொடுதிரையை எழுத்தில் விவரித்தார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர்களுக்கான யோசனை அது. களை எடுக்கும் கை அன்றைக்கு யார் மனதிலும் இல்லை.

போன் கற்றால் மூளை கூர்மையாகும் என்று விளம்பரம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், டேப்லெட் கற்ற முதியவர்களின் நினைவாற்றல் மேம்பட்டது உண்மை. ஆனால் ஆய்வில் மொத்தமே 54 பேர், டேப்லெட் கற்றவர்கள் 18 பேர். அவர்கள் வாரம் 15 மணி நேரம் வீதம் பத்து வாரம் கற்றார்கள். 150 மணி நேரப் பலனை 20 மணி நேரச் சான்றிதழின் தலையில் கட்ட முடியாது. ஆயாவுக்கு மூளைப் பயிற்சி அவசரம் இல்லை. பணம் வந்ததா என்று யாரையும் கேட்காமல் தானே பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்து எந்த அரசு திட்டம் போட்டாலும் 60 என்ற வரம்பை எடுத்துவிட வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஈரத்துணியில் விரலைத் துடைக்கச் சொல்லுங்கள். சொட்டும் ஈரம் கூடாது. நகநுனி வேண்டாம், விரலின் சதைப்பகுதி படட்டும். தடித்த கண்ணாடியை உரித்துவிடுங்கள். செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டிவையுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் "இந்த வயசுல உனக்கு வராது" என்று யாரும் சொல்லக்கூடாது.